பால் பூத்தில் சொன்ன ஒரு 'ஆமா'

(குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் கூட்டரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

டிபன் காத்திருக்கிறது என்று தெரியும். பொங்கல் வாசனை எனக்கும் வருகிறது. கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

செயலாளர் போன வாரம் லிஃப்ட்டில் பார்த்து, "மேடம், நம்ம பசங்களுக்கு அந்தக் காலத்தைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார். அந்தக் காலம் என்றால் அவருக்குச் சுதந்திரப் போராட்டம் போலிருக்கிறது. எனக்கு அவ்வளவு வயதாகவில்லை. நான் பிறந்தது 1969. என் காலத்தில் நாடே அதிர்ந்த ஒரு நாள் உண்டு. அதைப் பற்றிச் சொல்கிறேன். அதோடு, அதற்கு அடுத்த நாள் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் கணவர். இன்னொருவர் யார் என்று கடைசியில் தெரியும்.

நாங்கள் ஆவடியில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். விஜயந்தா டாங்கி செய்கிற தொழிற்சாலையில் அப்பா ஃபிட்டர். காலையில் சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிள். வடக்கிலிருந்து வந்த குடும்பங்களும் நிறைய. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், ஒரே சுவர்தான் நடுவில், ஒரு சர்தார் குடும்பம். மாமா அப்பாவோடு அதே ஷாப்பில் சார்ஜ்மேன். அவர் மனைவியை அம்மா 'சர்தாரம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவர் அம்மாவை 'பெஹன்ஜி' என்பார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் பாதிதான். ஆனாலும் மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவர்கள் மகள் என் வகுப்பு, என் பெஞ்சு. பெயர் சொல்லப் போவதில்லை. அவளிடம் கேட்காமல் சொல்வது சரியில்லை.

1984 அக்டோபர். தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். 29-ஆம் தேதி திங்கட்கிழமை சர்தாரம்மா எங்கள் வரிசையில் ஏழெட்டு வீடுகளுக்கு இனிப்பு கொடுத்தார். லூதியானாவில் மாமாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, வெல்லம் போட்டுப் பிடித்த உருண்டை, அவர்கள் பின்னி என்பார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வந்தது. நான் அன்றே நாலு தின்றேன். மறுநாள் 30-ஆம் தேதி மாமா சென்ட்ரலில் டெல்லி ரயில் ஏறினார். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் ஆன்ட்டியும் பிள்ளைகளும் போகவில்லை.

புதன்கிழமை காலை மூன்றாவது பீரியடோ என்னவோ. பியூன் வந்து டீச்சரை வெளியே கூப்பிட்டார். டீச்சர் திரும்பி வந்தபோது புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான்: எம்.ஜி.ஆர்.

இங்கே உள்ள பிள்ளைகளுக்கு அது புரியாது. அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அக்டோபர் 5-ஆம் தேதியிலிருந்து அப்போலோவில் இருந்தார். ஊரெங்கும் பூஜை, மண்சோறு, அங்கப்பிரதட்சணம். இரண்டு வாரம் முன்னால்தான் பிரதமர் இந்திரா காந்தியே டெல்லியிலிருந்து வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அதனால் டீச்சர் வாயைத் திறப்பதற்குள்ளேயே பின்பெஞ்சில் ஒருத்தி 'தலைவா' என்று அழ ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் "அவர் இல்லடி, இந்திரா அம்மாவைச் சுட்டுட்டாங்களாம்" என்றார். ஒரு நொடி யாருக்கும் ஒன்றுமே புரியவில்லை. பார்க்க வந்தவர் போய், படுக்கையில் இருந்தவர் இருக்கிறார் என்பது எப்படி என்று. அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, பிறகு மறுபடியும் அழுதாள்.

பள்ளிக்கூடம் விட்டார்கள். நானும் அவளும் ஒரு குடையில் நடந்து வந்தோம். மழைத் தூறல். அவளும்தான் அழுதாள். இதைச் சொல்லிவைக்கிறேன், பிறகு மறந்துவிடும்.

காலை ஒன்பது மணி தாண்டி, சப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து பக்கத்தில் இருந்த அலுவலகத்துக்குத் தோட்டத்து வழியாக நடந்து வந்தபோது சுட்டிருக்கிறார்கள். பேட்டி எடுக்க நடிகர் பீட்டர் உஸ்தினோவ் கேமராவோடு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. இப்போது கைபேசியில் மணிக்கு நூறு செய்தி வருகிறது. அன்று ஒரு தெருவே ஒரு ரேடியோவைச் சுற்றி நின்றது. எதிர் வரிசையில் ஒருவர் வீட்டில் சிற்றலை வரிசை நன்றாக எடுக்கும். மத்தியானமே அவர் "பி.பி.சி-ல போயிட்டாங்கன்னு சொல்றான்" என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் நம்பவில்லை. அகில இந்திய வானொலி உறுதி செய்தபோது மாலை ஆறு மணி. அந்தத் தாமதத்தை இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மேற்கு வங்கத்தில் பிரச்சாரத்தில் இருந்த ராஜீவ் காந்தியே, தாய்க்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள பி.பி.சி-யைத்தான் திருப்பியிருக்கிறார். அன்று மாலையே அவர் பிரதமராகப் பதவி ஏற்றார்.

சுட்டது அவருடைய சொந்தக் காவலர்கள் இரண்டு பேர், சீக்கியர்கள் என்பதும் அன்று இரவுக்குள் தெருவுக்கு வந்துவிட்டது. அந்த வருடம் ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது, அதற்குப் பழி என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் தலைக்குமேல் போனது. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்திரா அம்மாவைச் சுட்டது தலைப்பாகைக்காரர்கள். அடுத்த வீட்டில் தலைப்பாகை இருக்கிறது.

பதினைந்து வயதில் எல்லாக் கோபமும் பெரிய கோபம். எங்கள் வீட்டில் நேரு குடும்பத்தின் படம் காலண்டரில் இருந்தது. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஒரு பெண், அறுபத்தாறு வயது, வீட்டுத் தோட்டத்தில். எனக்கு யார்மீதாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் நவம்பர் 1, காலை ஐந்தரை மணி. ஆவின் பூத் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலைந்து பெரியவர்கள். பேச்சு வேறு எதைப் பற்றி இருக்கும்? ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ அந்த சிங் வீட்டுக்குப் பக்கத்து வீடுதானே? அவங்க வீட்ல ஸ்வீட் குடுத்தாங்களாமே?"

நான் "ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். பொய் இல்லை. கொடுத்தார்கள், நானே தின்றேன். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் 'எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது உண்மையில்லை. தோன்றியது. 'திங்கட்கிழமை, கல்யாணத்துக்கு' என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தில் ஒரு மாறுதல் தெரிந்தது. பெரியவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதுவரை என்னை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. வாயை மூடிக்கொண்டு பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலை பத்து மணிக்குள் அது எஸ்டேட்டைத் தாண்டிவிட்டது. 'அம்மா செத்ததுக்கு ஸ்வீட் குடுத்து கொண்டாடினாங்களாம். பக்கத்து வீட்டுப் பொண்ணே சொல்லுது.' இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். சாட்சி நான்.

ரொம்ப வருடம் கழித்து ஒரு விஷயம் படித்தேன். டெல்லியில் அந்த நாட்களில் நடந்ததை விசாரித்து பி.யு.சி.எல்., பி.யு.டி.ஆர். என்கிற இரண்டு மனித உரிமை அமைப்புகள் அந்த நவம்பரிலேயே ஓர் அறிக்கை வெளியிட்டன. டெல்லியில் மூன்று வதந்திகள் திரும்பத் திரும்பப் பரவியதாக அதில் இருக்கிறது. குடிதண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒன்று. பஞ்சாபிலிருந்து ரயில் நிறையப் பிணங்கள் வருகின்றன என்று ஒன்று. மூன்றாவது, சீக்கியர்கள் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள் என்பது. படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டேன். டெல்லியில் யார் வீட்டில் என்ன கல்யாணமோ, எந்தப் பெண் 'ஆமா' சொன்னாளோ.

அன்று சாயங்காலம் எங்கள் வரிசைக்கு முன்னால் பதினைந்து இருபது பேர் வந்து நின்றார்கள். எஸ்டேட் ஆட்கள் இல்லை, வெளியிலிருந்து வந்தவர்கள். முதலில் கோஷம். பிறகு ஒரு கல். அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்த சத்தம் ஒரே சுவர் என்பதால் எங்கள் வீட்டுக்குள் உடைந்த மாதிரியே கேட்டது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவாமல் எழுந்து போனார். எதிர் வரிசை ரேடியோக்காரர், மலையாளி சூப்பர்வைசர் ஒருவர், இன்னும் நாலு பேர். யாரும் வீரமாக ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அப்பாவின் வலது கையில் சாம்பார் சாதம் காய்ந்து ஒட்டியிருந்தது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ஸ்வீட் குடுத்தாங்கல்ல, கேளுங்க" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

அப்பா உள்ளே வந்து, "என்ன ஸ்வீட்டு?" என்று கேட்டார். அம்மாவுக்கும் புரியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

என்னை அடித்திருந்தால் தேவலை. அடிக்கவில்லை. என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டார். பரணில் இருந்து அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அடியில் ஆறேழு உருண்டைகள் மிச்சம். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஒரு கையில் டப்பா, மறுகையில் என் மணிக்கட்டு. பூத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் அம்மா டப்பாவைத் திறந்து காட்டினார். "திங்கட்கிழமை குடுத்தது. நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு. என் வீட்டுக்கும் குடுத்தாங்க, இதோ. நெய் வாசம் கூடப் போயிடுச்சு, மோந்து பாருங்க. திங்கட்கிழமை அந்தம்மா உயிரோட ஒரிசாவுல கூட்டத்துல பேசிட்டிருந்தாங்க." பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னேன்.

என்னைக் கேட்டவர் அன்று வரிசையில் இல்லை. அவர் வீடு எது என்று விசாரித்து அங்கேயும் போனோம்.

இதற்கிடையில் இன்னொன்று. மாமா எங்கே?

30-ஆம் தேதி ரயில் ஏறியவர் நவம்பர் 1-ஆம் தேதி டெல்லி சேர வேண்டும். அந்த நாள் டெல்லியில் என்ன நடந்தது என்று இப்போது நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அரசாங்கக் கணக்கிலேயே டெல்லியில் மட்டும் 2,733 பேர். ஜனாதிபதி ஜெயில் சிங் ஒரு சீக்கியர், நாட்டின் முதல் குடிமகன். அவர் மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் கார் மீதே கல் விழுந்தது. ரயில்களை நிறுத்தி, பெட்டிகளில் ஏறித் தேடினார்கள். அப்போது பேப்பரில் இதில் கால்வாசிகூட வரவில்லை. ஆனால் வந்த கால்வாசியே அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் பேப்பரை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவார். ஆன்ட்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் படங்களைப் பார்த்துவிடுவாரே.

எஸ்டேட்டில் யார் வீட்டிலும் ஃபோன் கிடையாது. அப்பா தினமும் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் லூதியானாவுக்கு டிரங்க் கால் பதிவு செய்வார். மணிக்கணக்கில் காத்திருப்பார். லைன் கிடைக்காது. தந்தி கொடுத்தார்கள், பதில் இல்லை. பஞ்சாபோடு தொடர்பே அறுந்த மாதிரி. அம்மா அங்கேயே படுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுச் சமையல் அங்கே நடந்தது.

3-ஆம் தேதி இறுதி ஊர்வலத்தை தூர்தர்ஷனில் நேரடியாகக் காட்டினார்கள். டி.வி. இருந்த ஒரு வீட்டில் நாற்பது பேர். ஆன்ட்டியும் வந்தார், தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு. அவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. யாரோ ஒரு பாட்டி நகர்ந்து இடம் விட்டார். சிதைக்கு ராஜீவ் தீ வைத்தபோது ஆன்ட்டி குலுங்கிக் குலுங்கி அழுதார். யாருக்காக அழுதார் என்று நான் அப்போது யோசித்தேன். இரண்டு பேருக்காகவும் இருக்கலாம்.

நான் என் சிநேகிதியின் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை.

9-ஆம் தேதி தந்தி வந்தது. இரண்டே வார்த்தை: 'சேஃப். கமிங்.' அம்மா தந்திக்காரரை நிற்க வைத்து காபி கொடுத்தார். அவர் கெட்ட சேதிதான் கொண்டுபோய்ப் பழக்கம் என்பதால் திணறிப் போனார்.

அதற்கு மூன்று நாள் கழித்து, சாயங்காலம், கதவு தட்டும் சத்தம். நான்தான் திறந்தேன். ஒல்லியாக, தாடி இல்லாமல், கிராப்பு வெட்டிய ஒருவர். காதுக்கு மேலே தோல் வெள்ளையாக, வெயிலே படாத மாதிரி. "யார் வேணும்?" என்று கேட்டேன். அவர் என் பெயரைச் சொன்னார். குரலை வைத்துத்தான் தெரிந்தது. அவர்கள் வீட்டில் யாரும் இல்லை, குருத்வாராவுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, முந்தானையை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியாது. அவரிடமே பிறகு கேட்டிருக்கிறேன், "எனக்கும் தெரியலடி" என்றுதான் சொன்னார்.

மாமா அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. அப்பாவிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மத்தியப் பிரதேசம் தாண்டுவதற்குள் ஒரு ஸ்டேஷனில் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் இருந்த ஒரு தெலுங்குக் குடும்பம் அவரைக் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளி, முன்னால் படுக்கைச் சுருட்டையும் ட்ரங்குப் பெட்டியையும் அடுக்கி, மேலே பாட்டியை உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பாட்டியின் கால் இரண்டும் தன் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்ததாம். மெட்டி போட்ட கால் நடுங்கவே இல்லையாம். ஆட்கள் இறங்கிய பிறகு, அந்த அம்மாவின் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாராம். தலைமுடியை என்ன செய்தார் என்று அப்பா கேட்கவில்லை. அவர்கள் பெயர், ஊர் எதுவும் மாமாவுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டார்கள்.

முடி வளர்ந்தது, தாடி வளர்ந்தது, தலைப்பாகையும் திரும்ப வந்தது. 1987-இல் மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். கடிதப் போக்குவரத்து இருந்தது. நான் அவளிடம் எல்லாவற்றையும் எழுதுவேன், இதை மட்டும் எழுதமாட்டேன்.

2005 ஆகஸ்டில் பிரதமராக இருந்த மன்மோகன் சிங் 1984-க்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அந்தக் கலவரத்துக்கும் என்ன சம்பந்தம்? அடிபட்ட பக்கத்து ஆள் அவர். அவர் கேட்கிறார். நான் எழுந்துபோய் லூதியானாவுக்கு ஃபோன் போட்டேன். எனக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். பால் பூத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தொரு வருடம் எதைச் சுமந்தேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவள் நல்ல ஆவடித் தமிழில், "எனக்குத் தெரியும்டி. அன்னிக்கே தெரியும். தம்பி பூத்துல உனக்குப் பின்னாடி நின்னான்" என்றாள்.

அவ்வளவு நாளும் தெரிந்துகொண்டேதான் என் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவளே கேட்டாள்: "அந்த டப்பா இன்னும் இருக்கா?"

இருக்கிறது. அம்மா போன பிறகு நான் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே சாமான் அதுதான். மூடியில் இருந்த படம் உரிந்துவிட்டது, ஓரம் கொஞ்சம் துரு. சி பிளாக்கில் என் சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. அப்பளம் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும் என்கிற பிள்ளைகள் சாயங்காலம் வரலாம், நான் வீட்டில்தான் இருப்பேன். இப்போது போய்ச் சாப்பிடுங்கள், பொங்கல் ஆறிவிடும்.